வெள்ளிக்கிழமைப் பிள்ளையாரும் செவ்வாய்க்கிழமைப் பட்டியலும்

போன மாதம் எனக்கு வழியனுப்பு விழா நடத்தினீர்களே, அன்று கேக் வெட்டி முடித்ததும் உங்களில் ஒருவர் பக்கத்தில் வந்து கேட்டார்: "சார், ப்ரோக்ராம் ஒரு பேக்கேஜ், சிம்பல் ஃபைல் தனி பேக்கேஜ். ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கான்னு மெஷினே பாத்துக்குது. நீங்க மட்டும் ஏன் அந்த நம்பரைக் கண்ணால வேற மூணு தடவை பாக்குறீங்க?"

வாயில் கேக் இருந்ததால் சிரித்து வைத்தேன். கேக் இல்லாவிட்டாலும் சிரித்துத்தான் வைத்திருப்பேன். உண்மையான பதிலைச் சொல்ல வேண்டுமானால், முப்பது வயதுகூட ஆகாத ஒரு புத்திசாலி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான்கு நாள் எப்படி முட்டாளாக இருந்தான் என்பதை முழுவதும் சொல்ல வேண்டும். அந்தப் புத்திசாலி நான்தான். மேடையில் சொல்லியிருந்தால் போட்ட சால்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பீர்கள். இப்போது சால்வை பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டது. சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டின் மாடியில் எங்கள் கம்பெனி. கீழே ஸ்பிரிங் செய்வார்கள், மேலே நாங்கள் சாஃப்ட்வேர் செய்வோம். கீழே பிரஸ் இறங்கும்போதெல்லாம் மேலே எங்கள் மானிட்டர் ஒரு முறை தலையாட்டும். மொத்தம் ஆறு பேர், மூன்று கம்ப்யூட்டர். சுற்றியிருக்கும் தொழிற்சாலைகளின் இயந்திரங்களைக் கண்காணிக்க ப்ரோக்ராம் எழுதிக் கொடுப்பது தொழில்.

சிம்பலை, அதாவது ப்ரோக்ராமுக்குள் இருக்கும் பெயர்களை, எதற்காகப் பிரிக்கிறோம் என்று கேட்டால், இடம் மிச்சம் என்று நீங்கள் படித்த புத்தகத்தில் போட்டிருக்கும். ஃப்ளாப்பியில் இடம் போதாது என்பது எங்களுக்கும் உண்மைதான். ஆனால் எங்கள் கம்பெனியில் அது பிரிந்ததற்குக் காரணம் முதலாளியின் தலை.

ப்ரோக்ராமின் ஒவ்வொரு பகுதிக்கும் எழுதுகிறவர் ஒரு பெயர் வைப்பார். எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைல் முடிந்தபிறகு கம்ப்யூட்டருக்கு அந்தப் பெயர்கள் தேவையில்லை, எண்கள் போதும். இருந்தாலும் பழுது பார்ப்பவர்களுக்கு உதவட்டும் என்று பெயர்களும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கோ விளையாட்டுப் புத்தி. முதலாளி மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும் ஒரு பட்டனைத் தட்டினால், திரையில் ஓடும் விளையாட்டு மறைந்து வேலை தெரியும்படி ஒரு பகுதி எழுதி வைத்திருந்தேன். அதன் பெயர் 'மொட்டை வந்தாச்சு'. முதலாளிக்குத் தலையில் முடி கிடையாது. அந்தப் பகுதியை எடுக்க மறந்து, பூந்தமல்லிப் பக்கம் ஒரு வாடிக்கையாளருக்கு ப்ரோக்ராமை அனுப்பிவிட்டேன். அங்கே ஒரு நல்லவர் அந்த ஃபைலை எதற்கோ திறந்து, குப்பைக் குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் இதைப் படித்துவிட்டு, நேராக முதலாளிக்கே போன் செய்து, "சார், இது வைரஸா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, யாரு அந்த மொட்டை?"

"திருப்பதி போய்ட்டு வந்த ஒரு ஃப்ரெண்டு சார்."

அவர் தன் தலையை ஒரு முறை தடவிக்கொண்டார். அன்று முதல் உத்தரவு: வெளியே போகும் ப்ரோக்ராமில் ஒரு பெயர்கூட இருக்கக் கூடாது.

இப்படித்தான் நானே ஒரு முறையை உண்டாக்கினேன். பெயர்களை உரித்த ப்ரோக்ராம் வெள்ளை லேபிள் ஒட்டிய ஃப்ளாப்பியில் வாடிக்கையாளருக்குப் போகும். உரித்தெடுத்த பெயர்கள் சிவப்பு லேபிள் ஃப்ளாப்பியில் எங்கள் இரும்பு பீரோவில் இருக்கும். அதே பட்டியலை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சடித்து நான் கையோடு வைத்திருப்பேன். அச்சடிக்க முக்கால் மணி நேரம் ஆகும், அவ்வளவு நீளம். ப்ரோக்ராம் எங்காவது விழுந்தால், விழுந்த இடத்தின் எண்ணைத் திரையில் காட்டிவிட்டு விழும். ஆவடியில் குவார்ட்டர்ஸ் பக்கம் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எல்லா வீடும் ஒரே மாதிரி, ஒரே மஞ்சள் சுவர், கதவு எண் மட்டும் வேறு. எந்த எண்ணில் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியல் இருந்தால்தான் சரியான கதவைத் தட்டலாம். சிம்பல் ஃபைல் அந்தப் பட்டியல்தான். நான் அதைக் கண்டுபிடித்தவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

குவார்ட்டர்ஸ் உதாரணம் எனக்கு ஸ்டெல்லாவிடமிருந்து வந்தது. அவர் எங்கள் கம்பெனிக்குப் புதிது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வது வழக்கம். அந்த ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. அவருடைய அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தார், அடுத்த மாதம் ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருநின்றவூரில் ஒரு வாடகை வீடு பேசி வைத்திருந்தார்கள், மகளுக்கு வேலை நிலைத்துவிடும் என்ற நம்பிக்கையில். ஸ்டெல்லா அதிகம் பேச மாட்டார். பேசினால் நமக்கு அன்று சாப்பாடு இறங்காது.

நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியது, இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்கு. பற்சக்கரங்களைப் பெரிய உலையில் வைத்துக் காய்ச்சி எண்ணெயில் இறக்குவார்கள். உலையின் சூட்டை நிமிடத்துக்கு ஒரு முறை படித்து, ஏற்றி இறக்குவது எங்கள் ப்ரோக்ராம். உலைக்குள் செருகிய கம்பியில் வரும் மின்சாரத்தைச் சூடாகக் கணக்கிடும் பகுதி ஸ்டெல்லாவுடையது. ஷிப்ட் சராசரியைப் போட்டு அச்சடிக்கும் பகுதி என்னுடையது. பட்டியலில் என் வீடு முடிந்ததும் அடுத்த கதவு ஸ்டெல்லாவின் வீடு. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

செவ்வாய்க்கிழமை கம்பைல் செய்து, சோதித்து, பெயர்களை உரித்து, சிவப்பு ஃப்ளாப்பியை பீரோவில் வைத்து, பட்டியலையும் அச்சடித்துவிட்டு முதலாளியிடம் போய் நின்றேன். அவர் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, செவ்வாய்க்கெழமையா கம்பைல் பண்ணே? செவ்வாய்க்கெழமை எவனாவது நல்ல காரியம் பண்ணுவானா?"

"டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சு சார்."

"டெஸ்ட் பண்ணு, வேணாங்கல. ஆனா பொறப்பு வெள்ளிக்கெழமைல இருக்கட்டும். ஒம்போதரையிலேர்ந்து பத்தரை நல்ல நேரம். நானே பட்டனைத் தட்டுறேன். அப்புறம், ஆரம்பத்துல ஒரு பிள்ளையார் சுழி போட்டுடு."

அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. நட்சத்திரக் குறிகளை வைத்து ஒரு சுழி வரையலாம் என்று உட்கார்ந்தேன். வரைய ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. சுழி பிள்ளையாராகி, பிள்ளையாருக்குத் தும்பிக்கை முளைத்து, பதினாறு வரிகளில் முழு உருவம் வந்துவிட்டது. ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

"டீ கெட்டில் நல்லா வந்திருக்கு சார்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மாடிப்படியில் தேங்காய் உடைத்தோம். கீழே ஸ்பிரிங் கம்பெனிக்காரர்கள் ஒரு சில்லு விடாமல் பொறுக்கிக்கொண்டார்கள். முதலாளி சந்தனம் தொட்ட விரலால் என்டர் பட்டனை அழுத்தினார். அந்தப் பட்டன் கடைசிவரை மஞ்சளாகவே இருந்தது. கம்பைல் முடிய ஏழு நிமிடம். ஏழு நிமிடமும் அவர் கைகூப்பியபடி நின்றார். நடுவில் திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது.

"அது என்னப்பா?"

"ஆசீர்வாதம் சார்."

பிறகு பெயர்களை உரித்து வெள்ளை ஃப்ளாப்பியில் ஏற்றினேன். முறைப்படி பார்த்தால் பீரோவிலிருக்கும் சிவப்பு ஃப்ளாப்பியை எடுத்துப் புதிய பெயர்ப் பட்டியலை அதில் ஏற்றியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பீரோவைத் திறந்து எதையும் வெளியே எடுக்க முதலாளி விட மாட்டார். நானும் வற்புறுத்தவில்லை. பெயர்கள் அதேதானே, புதிதாகக் குடிவந்தவர் பிள்ளையார் ஒருவர், அவர் வீட்டுக் கதவை யார் போய்த் தட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பிறந்த பட்டியலை, ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று அழித்தும்விட்டேன். ஒரு முறையை உண்டாக்கியவனே அதை உடைத்தால் எவ்வளவு சுத்தமாக உடைப்பான் பாருங்கள்.

அன்று மதியமே பட்டறையில் நிறுவினோம். வெள்ளி, சனி நன்றாக ஓடியது. திங்கள்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் போன். பேசியது உலை ஆபரேட்டர் கஜா.

"கம்ப்யூட்டர் சார், உன் டப்பா பூட்ச்சு."

"என்ன ஆச்சு கஜா?"

"இன்னா ஆச்சா? இந்த வாரந்தான் எனக்கு ரெண்டு மணி ஷிப்டு. வந்தேன். ரிப்போர்ட் பட்டனை அமுக்கினேன். வகுத்தல்ல தப்புன்னு ஒரு வரி, ஒரு நம்பரு, அப்டியே நின்னுக்கினு கீது. உள்ள சக்கரம் ஒரு லோடு வெந்துனு கீது. நீ வரியா, நான் உன் டப்பாவையும் உள்ள போடட்டா?"

ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு, அச்சடித்த பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். கஜா பழைய மீட்டர் எதிரே நின்று சூட்டைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். சட்டை முழுவதும் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. திரையில் வந்த எண்ணை மறக்காமல் பேனல் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்: 3AB2. கம்ப்யூட்டர் கணக்கில் A, B எல்லாம்கூட இலக்கம்தான்.

பயம் வந்தால் சிலருக்குக் கோபம் வரும், சிலருக்குச் சாமி ஞாபகம் வரும். எனக்கு விளக்கம் வரும். எதையாவது, யாருக்காவது உடனே விளக்கியாக வேண்டும். விளக்கிக்கொண்டிருக்கும்வரை எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே நம்பிவிடுவேன். பட்டியலைப் பிரித்தேன். 3AB2 எந்த வீடு என்று விரலை ஓட்டினேன். ஸ்டெல்லாவின் வீடு. என் வீடு அதற்குக் கொஞ்சம் முன்பே முடிந்துவிட்டது. அந்த நொடியில் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"கண்டுபிடிச்சாச்சு கஜா, பயப்படாதீங்க. இது இவங்க எழுதின பகுதி. புதுசு இல்லையா, வகுக்கும்போது பாக்காம விட்டுட்டாங்க" என்று ஆரம்பித்து, வகுத்தல் என்றால் என்ன, பூஜ்யத்தால் வகுத்தால் என்ன ஆகும் என்றெல்லாம் ஐந்து நிமிடம் விளக்கினேன். டிராலி தள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

கஜா ஸ்டெல்லாவைப் பார்த்தார். "இன்னாம்மா, படிச்ச பொண்ணு. பாத்து எழுதக் கூடாதா? இங்க நான்தானே வேகுறேன்?"

ஸ்டெல்லாவின் முகம் சிவந்துவிட்டது. "பாக்கறேன்" என்ற ஒரே சொல்தான் சொன்னார்.

ஆபீஸுக்கு வந்து இரண்டு மணி நேரம் தன் பகுதியை வரி வரியாகப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "சார், நான் வகுக்குறது நாப்பத்தொண்ணால. அது நானே எழுதி வெச்ச நம்பர், மாறவே மாறாது. நாப்பத்தொண்ணு எப்ப சார் பூஜ்யம் ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. அதனால் விளக்கினேன். "மெமரில வேற எதாவது மேல விழுந்து அழிஞ்சிருக்கும். எதுக்கும் ஆரம்பத்துல, பூஜ்யம் வந்தா வகுக்காம தாண்டுற மாதிரி ஒரு காவல் போடுங்க."

அவர் தன் பகுதியின் தலையிலேயே எட்டு வரி காவல் போட்டார். மீண்டும் கம்பைல் செய்து செவ்வாய் காலை கொண்டுபோய் ஏற்றினேன். மதியம் இரண்டு மணிக்கு விழுந்தது. கஜா சாக்பீஸால் எழுதிய எண்: 3AB2.

"பாத்தீங்களா? அதே நம்பர்!" என்றேன் ஸ்டெல்லாவிடம், வழக்கில் ஜெயித்த வக்கீல் போல. புதன்கிழமைக்கு அவர் இன்னும் ஆறு வரி காவல் சேர்த்தார். புதன்கிழமை இரண்டு மணிக்கு மீண்டும் விழுந்தது. 3AB2. ஒவ்வொரு கம்பைலுக்கும் புதிய பெயர்ப் பட்டியல் வந்துகொண்டுதான் இருந்தது. நான்தான் திறந்து பார்க்கவில்லை. அச்சடித்த பட்டியல் கையில் இருக்கிறதே, முக்கால் மணி நேரம் யார் காத்திருப்பது?

கஜா ஒடிந்துபோயிருந்தார். "நான் வந்தாத்தான் வுழுது சார். மத்தவன் ஷிப்டுல ராஜா மாதிரி ஓடுது. பசங்க என்ன ராசி இல்லாதவன்னு சொல்றானுங்க."

"ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல கஜா, இது மெமரி பிரச்சன" என்று அவருக்கும் விளக்கினேன்.

அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். பட்டறை மேனேஜர் போனில் கத்தியிருக்கிறார். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி அனுப்பிவிடுவாராம்.

"அந்தப் பொண்ணுக்கு சனிக்கெழமையோட ஆறு மாசம் முடியுது இல்ல?" என்றார் முதலாளி. "கன்ஃபர்ம் பண்ண வேணாம். லெட்டர் டைப் பண்ணச் சொல்லிட்டேன். நீ என்ன சொல்றே?"

நாள் முழுவதும் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தவன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டே சொல்லில் பதில் சொன்னேன். "சரி சார்."

வியாழக்கிழமை காலை நான் வந்தபோது ஸ்டெல்லா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் பென்சில். எதிரே என் பட்டியல்.

"சார், ஒண்ணு கேக்கணும். என் பகுதியோட தலையில பதினாலு வரி சேத்தேன். அப்ப வீடு பெருசாயிருக்கணும், உள்ள இருக்கற இடமெல்லாம் தள்ளிப் போயிருக்கணும். ஆனா விழற நம்பர் மூணு நாளா ஒரு புள்ளிகூட நகரல. அது எப்படி?"

"அதான் சொன்னேனே, மெமரில..."

"எனக்குள்ள விழுந்தா நகரும். எனக்குப் பின்னாடி விழுந்தாலும் நகரும். எனக்கு முன்னாடி விழுந்தாத்தான் நகராது."

முன்னால் இருந்த வீடு யாருடையது என்று இருவருக்கும் தெரியும். நான் பட்டியலைக் காட்டினேன். "ஆனா இதுல உங்க வீட்டுலதானே இருக்கு?"

"இந்தப் பேப்பர் என்னிக்கு அடிச்சது சார்?"

"செவ்வாய்க்கிழமை. போன வாரம்."

"பிள்ளையார் என்னிக்கு வந்தார்?"

கீழே பிரஸ் இறங்கியது. மானிட்டர் தலையாட்டியது. நான் ஆட்டவில்லை, ஆட்ட முடியவில்லை. பதினாறு வரிப் பிள்ளையார் ப்ரோக்ராமின் தொடக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இடம் விட்டு, பின்னாலிருந்த அத்தனை வீடுகளும் தள்ளிப் போயிருக்கின்றன. கதவு எண் எல்லாம் மாறிவிட்டது. நான் மட்டும் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டித் தட்டித் திட்டியிருக்கிறேன்.

ஸ்டெல்லா புதன்கிழமை கம்பைலில் வந்த புதிய பட்டியலைத் திரையில் திறந்தார். 3AB2. ஷிப்ட் சராசரி. என் வீடு. என் கூடம். நடுக்கூடத்தில் நானே எழுதிய வகுத்தல்: படித்த சூடுகளைக் கூட்டி, எத்தனை முறை படித்தோமோ அந்த எண்ணால் வகு. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது அந்த எண் பூஜ்யமாகிவிடும். முதல் சூடு இரண்டு ஒன்றுக்குத்தான் வரும். மற்ற ஆபரேட்டர்கள் வந்து, டீ குடித்து, ஊர்க்கதை பேசி, பத்து நிமிடம் கழித்துப் பட்டனை அழுத்துவார்கள். கஜா ஒருவர்தான் நேரத்துக்கு வந்து, வந்த கையோடு அழுத்துகிறவர். பட்டறையிலேயே ஒழுங்கான மனிதரை என் ப்ரோக்ராம் ராசியில்லாதவர் ஆக்கியிருந்தது.

நான் செய்த அடுத்த காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஸ்டெல்லா, இதை நாமே சத்தமில்லாம சரி பண்ணி ஏத்திடலாம். விழறது நின்னுட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

"சனிக்கிழமை லெட்டர் யாருக்கு சார் வரும்?"

டைப்பிஸ்ட் சொல்லியிருக்கிறார். மஞ்சள் பட்டனைப் பார்த்தேன். பிறகு எழுந்து முதலாளி அறைக்குப் போனேன். போகிற வழியில் கழிவறைக்குள் ஐந்து நிமிடம் நின்றேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சார், தப்பு என்னோடது."

"எது?"

"எல்லாம். செவ்வாய்க்கிழமைப் பட்டியலை வெச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை ப்ரோக்ராமைப் பாத்துட்டேன். நடுவுல பிள்ளையார் வந்து..."

"பிள்ளையார் மேல பழி போடாதே!" முதலாளி எழுந்தே விட்டார்.

"அவர் மேல இல்ல சார். அவர் வந்ததைப் பட்டியல்ல ஏத்தாதவன் மேல. விழறது என் பகுதி. கண்டுபிடிச்சது ஸ்டெல்லா."

முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். மேஜைமேல் டைப் அடித்த கடிதம் இருந்தது. அதை எடுத்து ஒரு முறை படித்தார். என்னை ஒரு முறை பார்த்தார்.

"லெட்டர் நல்லாதான் வந்திருக்கு" என்றார். "பேரை மட்டும் மாத்திடட்டா?"

நான் எதுவும் விளக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் விளக்காமல் நின்ற முதல் நெருக்கடி அதுதான். அவர் கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, ஸ்டெல்லாவுக்கு நிரந்தர உத்தரவு அடிக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஒரு வருடம் என்னைக் கூப்பிடும்போதெல்லாம், "செவ்வாய்க்கெழமை, இங்க வா" என்றுதான் கூப்பிட்டார்.

நண்பர்களே, இப்போது உங்கள் கருவிகள் கெட்டி. கம்பைல் ஆகும்போதே ப்ரோக்ராமிலும் சிம்பல் ஃபைலிலும் ஒரே முத்திரை எண் குத்திவிடுகின்றன. தனித்தனி பேக்கேஜில் பிரிந்து போனாலும் இரண்டும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை என்று கண்டுபிடித்துவிடலாம். பொருந்தாவிட்டால் மெஷின் திட்டும். நல்லது. ஆனால் நெருக்கடியில் அந்தத் திட்டலைத் தட்டிவிட்டு, கைக்கு வந்த பழைய ஃபைலைத் திணிக்கிற கை உங்களுடையது. எனக்கு அதே மாதிரி இரண்டு கைகள் உண்டு. அதனால்தான் பார்க்கிறேன். முதல் தடவை, பொருந்துகிறதா என்று. இரண்டாம் தடவை, பொருந்த வேண்டுமென்று நான் ஆசைப்படுவதால் பொருந்துவதாகத் தெரிகிறதா என்று. மூன்றாம் தடவை, விழுந்த இடம் அடுத்தவர் வீடு என்று தெரிந்து நிம்மதியாக இருக்கும்போது. அந்த நிம்மதி வந்தால் பட்டியலை மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

கதையில் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கிறது.

உத்தரவு கைக்கு வரும் என்று தெரிந்தபிறகும் ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல சொல்லிட்டீங்க, சரி சார். என்னைப் பத்தி நீங்க சொன்னது ஆபீஸ்ல இல்லையே" என்றார்.

அன்றே இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு பட்டறையில் இருந்தோம். சரி செய்த ப்ரோக்ராமை ஏற்றினேன். சரியாக இரண்டு மணிக்குக் கஜா வந்தார். பட்டன் மேல் விரலை வைத்துக் கண்ணை மூடி, எந்தச் சாமியையோ கூப்பிட்டுவிட்டு அழுத்தினார். பிரிண்டர் கரகரவென்று ஓடியது. 'இன்னும் சூடு படிக்கவில்லை' என்று ஒரு வரி அடித்துவிட்டு நின்றது. ப்ரோக்ராம் விழவில்லை.

"ஐயே, ஓடுது!" கஜா பின்னால் திரும்பிக் கத்தினார். "டேய், யாருடா ராசி இல்லாதவன்? வந்து பாருங்கடா!"

ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். உலைக் கதவு திறந்திருந்தது, லோடு வெளியே வந்துகொண்டிருந்தது, முகத்தில் அனல் அடித்தது. என் காதுக்குள் ஓவென்று இரைச்சல். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கஜா, தப்பு என்னோடது" என்றேன்.

"இன்னா சார்? உலைக்குக் காத்தடிக்கிற ப்ளோயர் சத்தத்துல கேக்கல."

"தப்பு என்னோடது கஜா!"

"யாரோடது?"

"என்னோடது! நான் எழுதின பகுதி! அன்னிக்கு இவங்க மேல சொன்னது பொய்! இவங்க எழுதினதுல ஒரு தப்பும் இல்ல! கண்டுபிடிச்சதே இவங்கதான்!"

டிராலிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். எண்ணெய்த் தொட்டியருகே இருந்தவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். கஜா என்னை விட்டுவிட்டு ஸ்டெல்லாவிடம் திரும்பினார். "அப்ப நான் அன்னிக்கி சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேம்மா. மனசுல வெச்சிக்காத."

"பரவால்லண்ணா" என்றார் ஸ்டெல்லா. அந்த வாரம் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

இருவரும் ஆபீஸுக்குத் திரும்பி நடந்தோம். என் தொண்டை கட்டியிருந்தது. அந்தச் சத்தத்திலும் கேட்கும்படி மூன்று தடவை கத்திச் சொல்லிவிட்டோமே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. அதையும் அவரிடம் சொன்னேன்.

"சார், லோடு வெளிய எடுக்கும்போது ப்ளோயரை நிறுத்திடுவாங்க" என்றார் ஸ்டெல்லா. "மூணு தடவையும் அது ஓடல."